பாலத்தில் இறங்கச் சொன்னவன்

கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடும் ஆட்டங்களுக்கு நான் எழுதிய ஆட்களில் பெரும்பாலோர் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசாமல் செத்துப்போனவர்கள். "டேய்", "அங்க பாரு", "ஆ" என்பதோடு அவர்கள் வசனம் முடிந்துவிடும். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கும் முதலில் இதுதான் கிடைக்கும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. செத்துப்போகிறவன் எப்படிக் கத்த வேண்டும் என்பதிலும் யோசிக்க விஷயம் இருக்கிறது. ஆனால் என்றைக்காவது உங்கள் மேஜைக்கு வேறு மாதிரி ஒருவன் வருவான். பாதி ஆட்டம் வரை கூடவே வந்து உதவுவான். அப்புறம் காலை வாரிவிடுவான். "இவன் ஏன் இப்படிச் செஞ்சான்? முன்கதை எழுதிக் குடுங்க" என்பார்கள். அப்படி எனக்கு வந்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் உங்களுக்குத் தெளிவு வரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். எனக்கே இன்னும் வரவில்லை.

நான் திருத்தணிக்காரி. தொண்ணூறுகளில் சென்னையில் டப்பிங் சீரியல்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலை குறைந்தபோது ஒரு சின்ன கேம் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டில் இருந்துகொண்டு தினமும் மின்சார ரயிலில் போய்வந்தேன். எங்கள் குழுவின் தலைவர் என்னைவிட வயதில் சின்னவர். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டே எந்தத் துப்பாக்கி என்று சொல்லுவார். மனிதர்கள் விஷயத்தில்தான் அவருக்குப் பொறுமை கிடையாது.

மும்பைக் கம்பெனி ஒன்று இந்திய மொழிகளில் ஒரு ஷூட்டர் கேம் செய்யச் சொல்லி எங்களிடம் வந்தது. ஒரு சிறிய படை, மருந்துப் பெட்டிகளோடு ஒரு ஜீப்பில் எல்லையைக் கடக்க வேண்டும். ஜீப்பை ஓட்டுகிறவன் உள்ளூர் ஆள். காடு, பள்ளம், சோதனைச் சாவடி எல்லாவற்றையும் அவன்தான் தாண்ட வைக்கிறான். கடைசியில் ஒரு பாலத்தில் எதிரிகளிடம் காட்டிக்கொடுத்துவிடுகிறான். படையில் அவனோடு நன்றாகப் பழகிய வயர்லெஸ்காரன் பிடிபடுகிறான். அப்போது ஆடுகிறவன் அந்த டிரைவரைச் சுடலாம், விட்டுவிட்டும் போகலாம். மும்பைக்காரர்கள் கொடுத்தது அவ்வளவுதான். காரணத்தை நான் எழுத வேண்டும்.

முதலில் அவனுக்கு நோயாளி மகள் ஒருத்தியைக் கொடுத்தேன். "எல்லாத் துரோகிக்கும் வீட்ல ஒரு நோயாளி இருக்காங்க அக்கா" என்று தலைவர் தள்ளிவிட்டார். அடுத்து, அவன் குடும்பத்தை ஹீரோவின் படை கொன்றுவிட்டது என்று எழுதினேன். மும்பைக்காரர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படியானால் அவன் நல்லவன் ஆகிவிடுகிறானே, அவனை யார் சுடுவார்கள் என்று கேட்டார்கள். குரல் பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, அவன் நல்லவனா கெட்டவனா? திங்கக்கெழமை எனக்கு ஒரு வார்த்தை போதும்."

ரயிலில் வரும்போதுதான் என் புத்திக்கு உறைத்தது. அப்படி ஒருவரோடு நான் பல வருஷமாக ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் அக்கா புருஷன், பாவா. பெயர் தணிகாசலம்.

ஆந்திராவில் மதுவிலக்கு இருந்த காலம் அது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து சரக்கு எல்லை தாண்டி நகரி பக்கம் போகும். பாவாவும் அவருடைய சிநேகிதர் கோவிந்துவும் ஒரு முதலாளியின் வேனை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். மேலே காய்கறிக் கூடை, அடியில் பாட்டில். சில நாள் கேனிலும் போகும். ஒரு ஆடி மாசம், மலைக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டம் ரோடு முழுக்க நிறைந்திருந்த சமயம், இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். சாவடிக்கு முன்னால் பாவா வயிறு சரியில்லை என்று இறங்கிக்கொண்டார். கோவிந்து அண்ணன் தனியாகப் போனார். அங்கே போலீஸ் காத்திருந்தது. பயத்தில் வண்டியை நிறுத்தாமல் விட்டதில் ஒரு கான்ஸ்டபிள் அடிபட்டு அவருக்குக் கால் போயிற்று. கோவிந்து அண்ணன் பல வருஷம் ஜெயிலில் இருந்தார்.

போலீசுக்குச் சொன்னது பாவாதான். செய்தி ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறார். ஊரும் அரசல்புரசலாகத் தெரிந்துகொண்டது. எங்கள் வீட்டில் என் எதிரில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. பாவா பிறகு சொந்தமாக ஒரு வேன் எடுத்து, திருப்பதிக்குப் போகிற பக்தர்களை ஏற்றிக்கொண்டு பிழைத்தார். கோவிந்து அண்ணன் வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் தம்பி நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் அதே பஜாரில்தான் நடமாடினார்கள். எதிரே வந்தால் ஒருவர் கடைப்பக்கம் ஒதுங்குவார்.

சனிக்கிழமை பாவா வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். திருப்பதியில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி காலியாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாமா, என்னக் கம்ப்யூட்டர்ல போடப் போறியா?"

"உங்கள இல்ல பாவா. உங்கள மாதிரி ஒருத்தன."

"ஊருக்கு ஒருத்தன் போதாதாமா?" என்று சிரித்தார். புத்தூர் தாண்டியது. பிறகு கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் ஆரம்பித்தார்.

"அன்னிக்கி கேன வண்டில ஏத்தினது நான். ஒரு மூடி கசிஞ்சுகினு இருந்துச்சி. பெயிண்டு கடைல வருமே, அந்த வாசன. குடிக்கிற சரக்குல அது வராது. போயி சேந்துச்சின்னா குடிக்கிறவன் ஒருத்தன்கூட பொழைக்கமாட்டான்னு தோணுச்சி."

"அதனாலதான் போலீசுக்குச் சொன்னீங்களா?"

"அதுக்கு முந்தியே போலீசு என்னப் புடிச்சி உக்கார வெச்சிருந்தாங்கமா. அடுத்த லோடு எப்பன்னு சொல்லு, இல்லன்னா நீ உள்ள போன்னாங்க. ரோசன பண்ணி சொல்றேன்னு வந்துட்டேன்."

 போலீஸ் பிடித்து வைத்த விஷயம் அக்காவுக்கே தெரியாது.

"அப்ப எதுக்காகச் சொன்னீங்க பாவா? அந்த வாசனைக்காகவா, உள்ள போட்டுடுவாங்கன்ற பயத்துலயா?"

"ரெண்டும்தான் இருந்துச்சி."

"எது மொதல்ல?"

எதிரே வந்த கரும்பு லாரிக்கு ஒதுங்கி வழி விட்டார். "முன்னல்லாம் வாசனதான்னு அடிச்சி சொல்வேன். உங்க அக்காகிட்ட அப்டித்தான் சொல்லிகினு இருந்தேன். சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சிமா. அந்த வாசன நெசமா வந்துச்சா, இல்ல நான் அப்பறமா சேத்துகினேனான்னு தெரில."

"கோவிந்து அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவன் வண்டிய எடுத்திருக்க மாட்டான். மொதலாளி வேற எவனையாவது வேற ரூட்ல அனுப்பியிருப்பாரு."

"இதெல்லாம் அப்பவே யோசிச்சீங்களா?"

"அதுவும் தெரில."

கேன்களில் என்ன இருந்தது என்று போலீஸ் சோதித்ததா என்று கேட்டேன். "எங்க சோதிச்சாங்க? கான்ஸ்டேபுளு அடிபட்ட ஆத்திரத்துல எல்லாத்தையும் அங்கியே ஓடைல கவுத்துட்டாங்க. நல்ல சரக்கோ விஷமோ, மண்ணு குடிச்சிடுச்சி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கோவிந்து அண்ணன் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஒதுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே காலேஜ் பையன்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவா மேல் அவருக்கு இருக்கிற கோபத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடலாம், அது கிடைத்தால் என் ஆள் கெட்டவன் என்று ஒரு பக்கமாக முடிவாகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். எழுதப்போகிற விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"எழுதேம்மா. எனக்கு இன்னா போச்சி" என்றார். பிறகு, "அன்னிக்கி எறங்கும்போது அவன் மூஞ்சப் பாத்தேன். பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி" என்றார்.

"தெரிஞ்சும் வண்டிய எடுத்தீங்களா?"

"தெரிஞ்சுது. நம்பலமா. தணிகா செய்யமாட்டான்னு வண்டிய எடுத்தேன்."

கேனில் இருந்தது விஷம் என்ற பேச்சு ஜெயிலில் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நகரி பக்கத்துக் கைதி யார் வந்தாலும், உங்கள் ஊரில் யாராவது சாராயம் குடித்துச் செத்தார்களா என்று ஜெயிலில் விசாரிப்பாராம். அதே சரக்கு முன்பே ஒரு லோடு போயிருக்கலாம் என்பது அவர் கணக்கு. ஒருவரும் ஆமாம் என்று சொல்லவில்லை.

"எதுக்குண்ணா அத விசாரிச்சீங்க?"

"விஷமா இருந்திருந்தா தேவலன்னு இருந்துச்சி. முருகா, அது விஷமாவே இருக்கட்டும்னு வேண்டிகினேன். விஷம் இல்லன்னா நான் எதுக்கு உள்ள கெடந்தேன்? அந்த போலீஸ்காரன் கால் எதுக்குப் போச்சி?"

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தேன். காட்டிக்கொடுத்தவர் தான் செய்தது சரிதானா என்று சந்தேகப்படுகிறார். காட்டிக்கொடுக்கப்பட்டவர் அவன் செய்தது சரியாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டுகிறார். இதில் எதை எடுத்து நான் தலைவருக்கு ஒரு வார்த்தையில் சொல்வது?

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடியில் இருக்கும்போது கை தானாக ஒரு காரணத்தைத் தேடிப் போகும். காரணம் கிடைத்துவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். எனக்குக் கிடைத்தது இரண்டு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறைத்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். திங்கட்கிழமை ஒன்றை எடுத்து எழுதியும் கொடுத்தேன். பாலத்தில் டிரைவர் நின்று பேசுகிற மாதிரி ஒரு நீண்ட வசனம். பெட்டியில் இருப்பது மருந்து இல்லை, விஷம், அதனால்தான் செய்தேன் என்று சொல்லுவான். மும்பைக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எனக்குத்தான் அதைப் படிக்கும்போதெல்லாம், சொல்லிச் சொல்லித் தனக்கே சந்தேகம் வந்த ஒருவரின் குரல் குறுக்கே வந்தது.

பதிவு நாளன்று, சீரியல்களில் எனக்குப் பழக்கமான ஒரு டப்பிங் கலைஞர் வந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "மேடம், இவன் வருத்தப்பட்டுச் சொல்றானா, நியாயம் பேசறானா?" என்று கேட்டார். ஸ்டுடியோ வாடகை ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.  "அந்த வசனம் வேண்டாம்" என்று அடித்துவிட்டேன். பதிலுக்கு ஒரே வரி கொடுத்தேன்: "எறங்குங்க. இதுக்கு மேல வண்டி போவாது." கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் சொல்கிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். 

தலைவருக்குக் கோபம் வந்தது. என்னை வெளியே கூப்பிட்டார். "மும்பைல ஓகே பண்ண வசனத்த எப்படி அக்கா தூக்குவீங்க? ஆடறவனுக்கு ஒண்ணும் புரியாதே."

"எனக்கும் புரியல. புரிஞ்ச மாதிரி எழுதினா அது பொய்யாயிடும்."

"அப்ப முன்கதை?"

அதற்கு ரயிலில் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். பாலத்துக்கு முன்னால் காட்டில் இரண்டு பாதைகள் பிரிந்து மறுபடி சேரும். ஒரு பாதையில், டிரைவர் ஒரு பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகம் மாறுவதை ஆடுகிறவன் பார்ப்பான். இன்னொரு பாதையில், எதிரிச் சிப்பாய்கள் அவனைப் பிடித்து உட்காரவைத்து மிரட்டுவதைப் பார்ப்பான். ஒரு பாதையில் போனவன் மற்றதைப் பார்த்திருக்க மாட்டான். திரும்பி வந்து இரண்டையும் பார்த்தாலும், உண்மையில் எது முதலில் நடந்தது என்று அவனால் சொல்லமுடியாது. இன்னொன்றும் கேட்டேன். பாலத்தில் சுடுவதா விடுவதா என்று முடிவெடுக்கச் சில வினாடிகள் என்று ஒரு கடிகாரம் வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிடச் சொன்னேன். யோசிக்கிறவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும் என்றேன்.

தலைவர் படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போய் மும்பைக்குப் போன் போட்டார். வசனத்தைத் தான்தான் எடுக்கச் சொன்னதாகச் சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "எனக்கும் சரியாத் தெரியல. அந்த ஒரு வரிய அவர் சொன்னப்ப எனக்கு அவன சுடணும்னும் தோணிச்சி, சுடக்கூடாதுன்னும் தோணிச்சி" என்றார். உங்களுக்கும் இப்படி ஒரு தலைவர் அமைந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆட்டம் ஓரளவு தயாரானதும் வெளியாட்களை வைத்து ஆடிப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் ஏதாவது சென்டர் இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். இருக்கிறது என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சிடியை எடுத்துக்கொண்டு போனேன். காலேஜ் பையன்கள் ஆடினார்கள். சிலர் பாலத்துக்கு வந்ததும் சுட்டார்கள், சிலர் விட்டுவிட்டு ஓடினார்கள். எல்லாருமே திரும்பி என்னைப் பார்த்து, "அவன் எந்தக் கட்சி மேடம்?" என்று கேட்டார்கள். பஸ் நேரம் என்று கிளம்பிப் போனார்கள். அப்போது கோவிந்து அண்ணன் வாசல் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே வந்தார்.

"அந்தப் பாலத்த மட்டும் போடும்மா."

போட்டுக் கொடுத்தேன். ஜீப் நின்றது. டிரைவர் இறங்கச் சொன்னான். வயர்லெஸ்காரனை இழுத்துக்கொண்டு போனார்கள். டிரைவர் ஜீப் பக்கத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். கோவிந்து அண்ணன் சுட்டார். உடனே மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். இந்த முறை விட்டுவிட்டு ஓடினார். மறுபடி போட்டு, சுட்டார். மறுபடி விட்டார். ஒவ்வொரு முறையும் எதையோ தவறவிட்டுவிட்ட மாதிரி தலையை ஆட்டினார். நேரம் போனதே தெரியவில்லை.

என்னை அழைத்துப் போக பாவா வேனோடு வந்திருந்தார். போன் அடித்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. வெளியே ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் படியேறி வந்து கதவருகே நின்றார். அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.  கோவிந்து அண்ணன் திரையில் தெரிந்த நிழலைப் பார்த்துவிட்டார் போல. திரும்பாமலேயே, "வா. நீ ஆடு" என்றார்.

பாவா என்னைப் பார்த்தார்.  வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோவிந்து அண்ணன் மவுஸை அவர் பக்கம் தள்ளி எந்தப் பட்டன் என்று காட்டினார். ஜீப் நின்றது, வயர்லெஸ்காரன் போனான், டிரைவர் நின்றான். பாவா ஒரு நொடிகூட யோசிக்காமல் சுட்டுவிட்டார்.

"ஏன்டா!" என்று கோவிந்து அண்ணன் கத்தினார். "அதுக்குள்ள சுட்டுட்ட! அவன் இன்னும் பேசவே இல்லியேடா!"

"பேசி இன்னா ஆவப்போவுது?"

"ஆவுதோ ஆவலியோ. குடு இங்க." மவுஸை வாங்கி மறுபடி போட்டார். டிரைவர் வந்து நின்றதும் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "இரு. ஏதோ சொல்லுவான்."

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரின் தோள் மூச்சுக்கு ஏறி இறங்கியது. எங்கள் பையன்கள் அதை நன்றாகச் செய்திருந்தார்கள். அதற்கு மேல் அவனுக்கு வசனமே கிடையாது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். 

"சொல்லமாட்டான் கோவிந்து" என்றார் பாவா. "தெரிஞ்சாதான சொல்றதுக்கு."

கோவிந்து அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஆங்" என்றார். "பரவால்ல. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

நான் வெளியே வந்து வேனில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா போன் செய்தாள்.

"இன்னாடி, இன்னும் கெளம்பலியா? எங்க இருக்காரு அவரு?"

"உள்ள கேம் ஆடிகினு இருக்காரு."

"யாரோட?"

"கோவிந்து அண்ணனோட."

அக்கா டின்னைத் திறந்து அரிசி அளக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "கோவிந்து அண்ணனுக்கும் சேத்து ஒல வெக்கட்டுமாடி?" என்று கேட்டாள்.

"தெரிலக்கா" என்றேன். "கொஞ்சம் சேத்தே வை."